வரி நிலுவையும் புகழ்பெற்றோரும்

வரி நிலுவை என்பது விதிக்கப்பட்ட வரியில் கெடு கடந்தும் கட்டாமல் நிற்கும் தொகை. பேச்சு வழக்கில் பாக்கி. பாளையக்காரர், அரசியல் தலைவர், திரைக்கலைஞர் எனப் பெயர்பெற்றவர்கள் பாக்கி வைத்த நிகழ்வுகள் தமிழகத்தில் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளன. வருமானத்தை மறைப்பது, கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவது, வரியே செல்லாது என்று வழக்காடி நிறுத்திவைப்பது ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. செய்தித்தாள்கள் மூன்றையும் 'வரி ஏய்ப்பு' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுவதுண்டு.

உக்கல் கல்வெட்டு

இப்பொருளில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் சிறப்பானது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. செய்யாறு அருகேயுள்ள உக்கல், சோழர் காலத்தில் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த பிராமணக் குடியிருப்பு. அங்குள்ள திருமால் கோயில் சுவரில் முதலாம் இராசராசனின் ஆணை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அவனுடைய 24-ம் ஆட்சியாண்டின் 124-ம் நாள், அதாவது பொ.ஆ. 1008–09-ல் பிறந்த ஆணை. நிலம் வைத்திருந்தும் 16-ம் ஆட்சியாண்டு முதல் 23-ம் ஆட்சியாண்டு வரையிலான காலத்தில் முழுதாக இரண்டு ஆண்டுகள் இறை (வரி) இறுக்காமல் விட்டவர்களின் காணியை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

ஆணை எந்த ஊர்களுக்குச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது. சோழ மண்டலம், தொண்டை மண்டலம், பாண்டி நாடு ஆகியவற்றில் பிராமணர், வைகானசர், சமணர் காணி கொண்டிருந்த ஊர்களையே அது குறிப்பிடுகிறது. சமூகத்தில் உயர்ந்த இடத்தில் இருந்தவர்களும் வரியை இழுத்தடித்திருக்கிறார்கள். அரசன் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆணை 16-ம் ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவதும் தற்செயல் அல்ல. 1001-ஐ ஒட்டி இராசராசன் நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். அளந்து முடித்ததும் வந்த கெடுபிடியாகவே இதைக் கொள்ள வேண்டும். பாக்கிக்காரரின் நிலத்தை விற்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் விடாமல் ஊராரிடமே விட்டது அக்கால நிர்வாகத்தின் நுட்பம். பக்கத்து வயல்காரர் யார், எத்தனை போகமாகக் கட்டவில்லை என்பது ஊருக்குத்தானே தெரியும்.

கிஸ்தி காலம்

பிற்காலத்தில் பெயர்பெற்ற நிலுவைதாரர் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன். அவரைப் பற்றி 1959-ல் வெளிவந்த திரைப்படத்தில் கிஸ்தி (வரித்தவணை) குறித்து சிவாஜி கணேசன் முழங்கிய வசனத்தால், அவர் ஒரு காசும் கொடுக்க மறுத்தவர் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் கிழக்கிந்தியக் கும்பெனிக் கணக்கின்படி 1798-ல் அவர் வைத்த பாக்கி 3,310 பகோடா (பொன் நாணயம்). ஆட்சியர் ஜாக்சன் அவரை வரச்சொல்லிவிட்டு, குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்க மறுத்து, ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கணக்கைச் சரிபார்த்தபோது 1,080 பகோடா மட்டுமே மிச்சம் நின்றது. பேட்டி கைகலப்பில் முடிந்தது. கோட்டை வாயிலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதே பிழை யார் பக்கம் என்பதைக் காட்டும். பாக்கி ஒரு சாக்கு. அடங்கிப் போகாத பாளையக்காரரை அடக்குவதே நோக்கம். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

1801-ல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி முழுதும் கும்பெனி கைக்கு மாறியது. 1864-ல் வந்த வருவாய் வசூல் சட்டம் ஜப்தி, ஏலம் ஆகியவற்றுக்கு முறை வகுத்தது. அச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

திரையும் வருமான வரியும்

இந்தியாவில் வருமான வரி 1860-ல் ஜேம்ஸ் வில்சனால் கொண்டுவரப்பட்டது. 1973–74-ல் மேல்வரியுடன் உச்ச விகிதம் 97.75 விழுக்காடு. உச்ச வரம்பைத் தாண்டிய வருமானத்தில் நூறு ரூபாய்க்கு இரண்டே கால் ரூபாய்தான் கையில் நிற்கும் என்ற நிலையில், திரையுலகில் 'வெள்ளை', 'கறுப்பு' என இரு கணக்கு வேரூன்றியதில் வியப்பில்லை. நடிகை சாவித்திரி (இறப்பு 1981) சொந்தப் படங்களில் பட்ட நட்டத்தோடு வரி நடவடிக்கையிலும் சிக்கிச் சொத்துகளை இழந்தார். கணக்கு வழக்கைப் பிறரிடம் விட்ட கலைஞர்களின் கதி இது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் இதே நிலையில் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார். அந்த வழி சாவித்திரிக்கு வாய்க்கவில்லை.

முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா மீதும், அவர் பங்குதாரராக இருந்த சசி எண்டர்பிரைசஸ் மீதும் 1990-களின் தொடக்க ஆண்டுகளுக்கு வருமானக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று வழக்கு இருந்தது. உரிய காலத்தில் தாக்கல் செய்யாததே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 30-ல் தீர்ப்பளித்து விசாரணையை நடத்தச் சொன்னது. இணக்கக் கட்டணம் செலுத்தப்பட்டு 2015 ஜனவரியில் வழக்கு முடிந்தது. அவர் மறைவுக்குப் பின், அவரது இல்லமான போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அரசு கையகப்படுத்த முனைந்து நீதிமன்றத்தில் கட்டிய சுமார் 67.9 கோடி ரூபாயில் 36.9 கோடி வரி பாக்கிக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தியதை ரத்து செய்ய, வீடு வாரிசுகளிடம் போனது.

தொகை சிறிதாயினும் பேச்சு பெரிதாகும் என்பதற்கு ரஜினிகாந்தின் ராகவேந்திரா திருமண மண்டப வழக்கு சான்று. கொரோனா ஊரடங்கில் பூட்டிக்கிடந்த கோடம்பாக்கம் மண்டபத்துக்குச் சென்னை மாநகராட்சி கேட்ட அரையாண்டுச் சொத்து வரி சுமார் 6.5 லட்சம் ரூபாய். மாநகராட்சிக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருமுன் அவர் உயர் நீதிமன்றம் சென்றார். 2020 அக்டோபரில் நீதிபதி கண்டிக்க, மனுவைத் திரும்பப் பெற்று அபராதத்தோடு வரியைக் கட்டினார். இறக்குமதிக் கார்களின் நுழைவு வரியை எதிர்த்த விஜய், தனுஷ் ஆகியோரும் 2021-ல் நீதிமன்றத்தின் கடிந்துரைக்கு ஆளாயினர். விஜய்க்கு விதித்த 1 லட்சம் ரூபாய் அபராதம் மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பில் அவரைப் பற்றி இருந்த கடுஞ்சொற்கள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் பல நகராட்சிகளில் பெரும் பாக்கிதாரர் பெயரைப் பலகையில் எழுதி வைப்பதும், கட்டட வாசலில் குப்பைத் தொட்டியை நிறுத்துவதும் நடந்திருக்கின்றன. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025-ல் நிறைவேறிய புதிய சட்டம் அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1.