கரை உடையும் நேரத்தில் யார் சொல் செல்லும்?

தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் காவிரித் தண்ணீர் எட்டிப் பார்த்தது 1934-க்குப் பிறகுதான். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் அதைக் கொண்டுவந்தது. ஊர் வாயில் அது ‘புது ஆறு’. அதுவரை இது மானாவாரிச் சீமை. மழையைத் தேக்கிய ஏரி குளங்களை நம்பித்தான் சாகுபடி.

ஏரிப் பாசனத்தில் அன்றாட முடிவு ஒரு வகை, ஆபத்து நேர முடிவு வேறு வகை. யாருக்கு எப்போது முறை, ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டியவை. பேச்சு இழுக்கும், பழைய வரப்புத் தகராறும் கூடவே கிளம்பும். ஆனால் மதகைத் திறந்து அடைப்பவர் ஒருவர்தான்: நீர்க்கட்டி. தமிழகத்தின் பல ஏரிகளில் இந்த வேலை ஏரி பாயும் ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரிடம், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவரிடம் இருந்தது. வயல் வைத்திருப்பவர் கையில் மதகு இருந்தால் தண்ணீர் முதலில் எங்கே போகும் என்பது ஊருக்குத் தெரியும். கூலி, களத்தில் அளக்கும் நெல். பெரிய பண்ணையின் மடையையும் அவர் அடைக்கலாம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேச அவருக்கு இடம் இருந்ததா என்பது வேறு கதை.

ஐப்பசி அடைமழையில் கரையின் வெளிப்புறம் கசிகிறது என்று வையுங்கள். நீர் தெளிவாக வந்தால் விடியும்வரை பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் நண்டு வளையோ எலி வளையோ வழியாக உள்ளே மண் அரிபடுகிறது. அப்புறம் கூட்டம் போட நேரமில்லை. தப்படித்து ஆள் கூட்டி, கம்பு நட்டு, வைக்கோலும் மண்ணும் திணித்தாக வேண்டும். கரையில் நிற்கும் அனுபவசாலி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மறுபேச்சின்றிச் செய்தார்கள். பொறுப்புகளைக் கோடையிலேயே சண்டை போட்டுத் தீர்த்திருந்ததால்தான் அந்தக் கட்டுப்பாடு சாத்தியமானது.

வெள்ளையர் ஆட்சி இந்த அவசர ஏற்பாட்டைக் காகிதத்தில் ஏற்றியது. கரை உடையும் நிலையில் கிராமத் தலைவர் மூலம் ஆள் திரட்டும் அதிகாரத்தை 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் அதிகாரிக்குக் கொடுத்தது. வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அதில் வழி இருந்தது. அவசரத்துக்கு உதவுகிற அதட்டலை அன்றாடத்துக்கும் நீட்டிப் பார்த்தார்கள். குடிமராமத்து தேய்ந்ததே தவிர வளரவில்லை.

கால்வாய் வந்ததும் மதகு பொதுப்பணித் துறையின் கைக்குப் போனது. தலைமடையில் இருப்பவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. பேராவூரணியோ கடைமடை. ஆந்திரத்துக் கால்வாய் ஊர்களை ஆராய்ந்த ராபர்ட் வேட், 1988-இல் வெளிவந்த நூலில் சுவையான ஒன்றைக் காட்டினார். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த ஊர்களைவிட, வாய்க்காலின் கடைசியில் கிடந்த ஊர்கள்தான் பொது நிதி சேர்த்து, தாங்களே நீர்க்காவலர் வைத்துக்கொண்டு கட்டுக்கோப்பாக இருந்தன. பேராவூரணிப் பக்கம் அப்படி உடனே எதுவும் நடந்துவிடவில்லை. மனு, மறியல், அடுத்த ஆண்டு மறுபடி மனு என்றே பல காலம் ஓடியது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. மின்சாரம் இல்லை, சாலையெங்கும் மரம். உத்தரவுக்குக் காத்திராமல் இளைஞர்கள் அரிவாளும் ரம்பமுமாக வழியை வெட்டினார்கள். ஊர் ஊராக நிவாரணப் பொருள் கொண்டுபோனார்கள். ‘நீ அங்கே போ, நீ இதைப் பார்’ என்ற அளவில்தான் முடிவுகள்.

அப்படி ஓடியவர்கள் சேர்ந்து அமைத்ததுதான் ‘கைஃபா’ என்ற கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பு. 2019-இல் அவர்கள் 564 ஏக்கர் பேராவூரணி பெரியகுளம் ஏரியைத் தூர்வார இறங்கினார்கள். புயல் வேலை போல ஒருவர் சொல்லி ஒருவர் ஓடினால் இது நடக்காது. ஊர் ஊராகப் பேசி நன்கொடை திரட்ட வேண்டும், இயந்திரம் பிடிக்க வேண்டும், எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்று ஆயக்கட்டுக்காரர்களோடு உட்கார வேண்டும். பழைய ஊர்க்கூட்டத்தின் நிதானம் இங்கே திரும்பத் தேவைப்பட்டது. ஒரு வித்தியாசம்: பழைய ஊர்க்காரர்கள் கூட்டத்தில் பேசிப் பழகியபின் கரைக்கு ஓடினார்கள், இவர்கள் ஓடிப் பழகியபின் பேச உட்கார்ந்தார்கள். பெரியகுளத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்து ஏரி குளங்களிலும் அவர்களுக்கு வேலை வந்தது.