இன்ஜினீயர் என்று யாரைச் சொல்வது?

நடுவர் அவர்களே! "பட்டம் வாங்கினவர்தான் இன்ஜினீயர்"னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போயிட்டார். அவரைத் திருமுக்கூடலுக்கு அழைக்கிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. அதில் அறுவை சிகிச்சைக்காரருக்கு என்ன பெயர் தெரியுமா? சல்லியக்கிரியை பண்ணுவான்! செய்கிற வேலையே அவருக்குப் பட்டம். (கைதட்டல்)

சரி, கட்டடத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கட்டின குஞ்சரமல்லனுக்கு 'இராசராசப் பெருந்தச்சன்' என்று ராஜா பேரே கிடைத்தது. கல்லணை கட்டினவர்களுக்கு அதுகூட இல்லை. ஆனால் ஆர்தர் காட்டன், முறையாகப் பயின்ற ராணுவ இன்ஜினீயர், அவர்களிடம்தான் பாடம் கேட்டார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் பாறையைப் போடு; அது இறங்கட்டும்; அதன்மேல் இன்னொன்று போடு; இனி இறங்காது என்கிற வரைக்கும் போடு. இதைக் கற்றுக்கொண்டுதான் 1836-ல் கொள்ளிடத்தில் மேலணை கட்டினார். அதை அவரே எழுதியும் வைத்தார்.

"பட்டம் இல்லாதவன் கட்டினா இடிஞ்சு விழுமே!" நியாயமான பயம்தான். என் வீட்டுக்கு நானும் படிச்சவரைத்தான் கூப்பிடுவேன். (சிரிப்பு) ஆனால் காட்டனுக்கே வாத்தியாராக இருந்தவரை வெறும் கொத்தனார் என்கிறீர்களே, அதைக் காட்டன் ஒத்துக்குவாராங்க?