தோளின் விலை

உடலுறுப்பின் இழப்பை வீதமாகக் கணித்தல் நவீன சட்ட மரபுகளுள் ஒன்று. 1923ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கையை இழந்தவரது உழைப்பாற்றல் 70 வீதமும், இடக்கையாயின் 60 வீதமும் குன்றியதாகக் கொண்டது. 1962ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கித் தோள்மூட்டோடு கை துண்டிக்கப்படின் 90 வீதமென வகுத்தது.

எனினும், துண்டிக்கப்படாது இயக்கம் மட்டும் குன்றிய தோளே வழக்கிற்கு வித்தாகின்றது. படைவீரரைப் பொறுத்தவரை, பாதிப்புச் சேவையால் விளைந்ததா என்பதே முதல் வினா. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், படையிற் சேருங்கால் பதியப்படாத குறைபாடு பின்னர்த் தோன்றின் அது சேவையால் வந்ததெனவே கருதப்படும் என்றும், அன்றென நிறுவும் பொறுப்பு அரசினதே என்றும் தெளிவுறுத்தியது.

இத்தீர்ப்பின் உயிர்நிலை ஓர் ஏடு: சேர்ந்த நாளின் மருத்துவப் பதிவு. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் அரச படையினரையும் பொலிசாரையும் கருதி எழுந்தது. 2009இல் போர் முடிந்தபின் நெளுக்குளத்துப் புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த முன்னாள் போராளிகளுக்கோ, சேர்த்த அமைப்பும் இல்லை. காட்டுதற்கு ஏடும் இல்லை. எறிகணைச் சிதறல் புதைந்த தோளோடு வயலுக்குத் திரும்பியவர், மண்வெட்டியை ஓங்கும்போதே தம் குறைவின் வீதத்தை அறிகின்றார்.

ஆதலின், யாருக்காகக் காயமுற்றார் என்பதன்றி, எவ்வளவு உழைக்க இயலாதுள்ளார் என்பதே வன்னியின் அளவுகோலாதல் வேண்டும். 1923ஆம் ஆண்டின் சட்டம் அளந்ததும் அவ்வுழைப்பாற்றலையே.