‘அம்மாவை இழுக்காதே’: ஆண்களின் சண்டையிலும் ஜோக்கிலும் அம்மா ஏன் வருகிறார்? சட்டம் என்ன சொல்கிறது?

2023 அக்டோபர் 5-ஆம் தேதி ‘லியோ’ படத்தின் டிரெய்லர் வெளியானது. அதில் யாரோ ஒருவனைத் திட்டுவதற்கு விஜய் ஒரு வார்த்தையைச் சொல்வார். ஒரே வார்த்தைதான். ஆனால் படத்தைவிட அந்த வார்த்தையைப் பற்றித்தான் பல நாட்கள் பேச்சு. எதிர்ப்பு கிளம்பியதும் டிரெய்லரில் அந்த இடத்தில் ஒலி நீக்கப்பட்டது. விஜய் அதைச் சொல்லத் தயங்கினார் என்றும் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றும் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் விளக்கம் அளித்தார்.

இது முதல் முறை அல்ல. 2017 நவம்பரில் பாலா இயக்கிய ‘நாச்சியார்’ டீசரில் அதே வார்த்தையை ஜோதிகா சொன்னபோதும் பெரிய சர்ச்சை. விவகாரம் நீதிமன்றப் புகார் வரை போனது.

இரண்டு இடத்திலும் திட்டு வாங்குபவர் ஓர் ஆண். ஆனால் அந்த வார்த்தை அந்த ஆணைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அவனுடைய அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறது. சினிமா, கேமிங் லைவ், மீம், ஹாஸ்டல் ரூம், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் என எங்கும் இருக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? எதுவரை ஜோக், எங்கே குற்றம்?

ஆணைத் திட்ட ஏன் அம்மா?

தமிழில் ரொம்பப் புழங்கும் சில வசவுகளைப் பிரித்துப் பாருங்கள். ‘ங்கொம்மா’ என்பது ‘உங்க அம்மா’. ‘ங்கோத்தா’ என்பது ‘உங்க ஆத்தா’. அவ்வளவுதான். எழுவாய் மட்டும் இருக்கிறது, பயனிலை இல்லை. ‘உங்க அம்மா’ என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிட்டால் போதும், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தின் ‘யோ மாமா’வும் இப்படி அரைகுறையாக நிற்கும் வாக்கியம்தான்.

இன்னொரு பக்கம், நாம் நம்பச் சொல்லும்போது இழுப்பதும் அம்மாவைத்தான்: ‘அம்மா சத்தியமா சொல்றேன்டா.’ சத்தியத்துக்கும் வசவுக்கும் ஒரே பெயர் பயன்படக் காரணம் இருக்கிறது. ஒருவனைப் பற்றி எது சொன்னாலும் அவன் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அம்மாவைப் பற்றிச் சொன்னால் அப்படிப் போக முடியாது. போனால் ‘நீ எல்லாம் ஒரு புள்ளையா’ என்று சுற்றி நிற்பவர்களே கேட்பார்கள். எதிராளியைக் கட்டாயம் பதில் சொல்ல வைக்கும் சுவிட்ச் அது. அதனால்தான் கைகலப்புக்கு முந்தைய கடைசி எச்சரிக்கை எப்போதும் ‘என்னை என்ன வேணா சொல்லு, அம்மாவை இழுக்காதே’ என்று வருகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த ஆட்டத்தில் இருவருமே ஆண்கள். அம்மா அந்த இடத்திலேயே இல்லை. அவருக்குப் பதில் சொல்ல முறையும் கிடையாது.

அந்த வார்த்தையின் கதை என்ன?

‘லியோ’வும் ‘நாச்சியா’ரும் சிக்கிய அந்த வார்த்தை, ‘தேவரடியார்’ என்ற சொல்லிலிருந்து திரிந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தேவர் என்றால் இறைவன், அடியார் என்றால் தொண்டர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இது மரியாதைக்குரிய சொல். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி ராஜராஜ சோழன் 400 ‘தளிச்சேரிப் பெண்டுக’ளைக் குடியமர்த்தி, வீடும் பங்கும் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டே பதிவு செய்திருக்கிறது.

பிற்காலத்தில் கோயில்களின் வருமானமும் ஆதரவும் மாற, இந்தப் பெண்கள் பணக்காரர்களின் தயவை நம்பி வாழும் நிலை வந்தது. சொல்லும் சேர்ந்தே கீழிறங்கியது. இந்த முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாளே அந்தப் பின்னணியில் வந்தவர். 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் நுழைந்த முத்துலட்சுமி தொடங்கிவைத்த போராட்டம், 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டமாக முடிந்தது. சட்டம் வந்து 75 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வசவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வசவின் உள்ளே இருக்கும் குற்றச்சாட்டு ‘உன் அப்பா யார் என்று தெரியாது’ என்பதுதான். சட்டம் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. திருமணமாகாத தாய், குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லாமலேயே காப்பாளராகலாம் என்று 2015 ஜூலை 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவின் மகன் இந்த வார்த்தையைக் கேட்கும்போது, அது மற்றவர்களுக்குக் கேட்பது போலக் கேட்காது.

நம்மிடம் மட்டும்தானா?

இல்லை. சுமார் 3,500 ஆண்டுகள் பழமையான பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில், பாதி சிதைந்த நிலையில், ஒருவரின் தாயைப் பற்றிய ஆபாச விடுகதை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்’ நாடகத்தில், எங்கள் தாயை நாசமாக்கிவிட்டாயே என்று குற்றம்சாட்டும் இளைஞனிடம் ஆரன் என்ற பாத்திரம் அதே சொல்லைத் திருப்பி, ஆபாசமான இரட்டை அர்த்தத்தில் பதில் சொல்கிறது.

இதை ஒரு விளையாட்டாகவே வளர்த்தது அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள். ‘டஸன்ஸ்’ என்று பெயர். இருவர் நிற்க, கூட்டம் சுற்றி நிற்கும். மாறி மாறி அம்மாவைக் கிண்டல் செய்வார்கள். கோபப்பட்டவர் தோற்றார். 2006-இல் எம்டிவி இதை ‘யோ மாமா’ என்ற டிவி நிகழ்ச்சியாகவே நடத்தியது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ், 1972-இல் இதற்கு ஒரு விதி இருப்பதைக் காட்டினார்: கிண்டல் அப்பட்டமான பொய்யாக இருக்க வேண்டும். அது பொய் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது, சண்டை ஆரம்பம்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ‘உங்கம்மா சுட்ட தோசை மேல பஸ் ஏறினாலும் தோசைக்கு ஒண்ணும் ஆகாதுடா’ என்பது ஜோக். கேட்பவனும் சிரிப்பான், ‘உங்கம்மா வச்ச ரசத்துல...’ என்று பதிலும் கொடுப்பான். ‘உங்கப்பா உங்கம்மாவ விட்டுட்டுப் போயிட்டாருல்ல’ என்பது, அது உண்மையாக இருந்தால், ஜோக் அல்ல.

வடகரப்பதியிலும் கொடுங்கல்லூரிலும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கோவை எல்லையை ஒட்டியிருக்கும் வடகரப்பதி போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே புழங்குகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வசவும் இரண்டு மொழியில் கிடைக்கும். மலையாளத்தில் இந்தச் செயலுக்கென்றே ஒரு பெயர் உண்டு: ‘தள்ளைக்கு விளி’. அப்பாவை இழுத்தால் ‘தந்தைக்கு விளி’. ‘தள்ளை’ என்பது தாயைக் குறிக்கும் பழைய சொல். தமிழ் நிகண்டுகளிலும் இருக்கிறது. இன்று மலையாளத்தில் ஒருவரின் அம்மாவை ‘தள்ள’ என்று சொன்னாலே மரியாதைக்குறைவு. திட்டித் திட்டி, சொல்லே திட்டாகிவிட்டது.

இதே பாலக்காட்டிலிருந்து ஆண்டுதோறும் பெரும் கூட்டம் போகும் இடம் திருச்சூர் மாவட்டத்தின் கொடுங்கல்லூர் பகவதி கோயில். கண்ணகியோடு தொடர்புபடுத்தப்படும் கோயில் என்பதால் தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்த பெயர்தான். மீன மாதப் பரணித் திருவிழாவில் பக்தர்கள் கோயிலைச் சுற்றி ஓடி, ‘அம்மே’ என்று அழைக்கும் அதே தேவியைப் பற்றி ஆபாசப் பாட்டுப் பாடுவார்கள். பரணிப்பாட்டு என்று பெயர். அந்த நாட்களில் அது வழிபாடு. அதே பாட்டை மறுவாரம் தெருவில் பாடினால் அடி விழும்.

இங்கேயும் விதிதான் காப்பு: குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், கேட்பது தெய்வம். ஆனாலும், பெண்ணுடலைக் கேவலப்படுத்துவது எப்படி பக்தியாகும், திருவிழா நாளில் அந்த வழியே நடக்கும் பெண்கள் அதை ஏன் கேட்டுச் சகிக்க வேண்டும் என்ற எதிர்ப்பும் கேரளத்தில் நெடுங்காலமாக இருக்கிறது.

எங்கே உடைகிறது?

2021 மார்ச்சில் தமிழகத் தேர்தல் பிரசாரத்தில் திமுகவின் ஆ. ராசா, மு.க. ஸ்டாலின், எடப்பாடி பழனிசாமி இருவரின் அரசியல் வளர்ச்சியை, முறையான பிறப்பு, முறையற்ற பிறப்பு என்று உவமை வைத்துப் பேசினார். கூட்டத்துக்குச் சிரிப்பு. ஆனால் பழனிசாமி மேடையில் தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்து கலங்கினார். ‘உவமைதான், திரிக்கப்பட்டது’ என்று விளக்கிய ராசா, பிறகு மன்னிப்புக் கேட்டார். தாய்மையின் கண்ணியத்தைக் குறைக்கும் பேச்சு என்று சொன்ன தேர்தல் ஆணையம், ஏப்ரல் 1-ஆம் தேதி 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது.

லபோவின் விதியை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். எதிராளி விளையாட ஒப்புக்கொள்ளவில்லை. உவமையில் வந்தது உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்.

2006 ஜூலை 9-ஆம் தேதி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடான், மாட்டரஸியைத் தலையால் முட்டியபோது, ‘அம்மாவைத் திட்டியிருப்பான்’ என்று உலகமே முடிவு செய்தது. தான் பேசியது ஜிடானின் சகோதரியைப் பற்றி, தாயைப் பற்றி அல்ல என்று மாட்டரஸி பின்னர் சொன்னார். அம்மாவை இழுத்தது நான் இல்லை, சகோதரியைத்தான் என்பதே ஒரு தற்காப்பு வாதமாக இருந்ததுதான் இதில் விசேஷம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் அடிக்கடி பார்க்கும் 294(பி) பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவாகிவிட்டது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாச வார்த்தை பேசினால் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் எல்லாத் திட்டும் ஆபாசம் ஆகாது. வெறும் வசவோ அவமதிப்போ மட்டும் 294(பி)-க்குப் போதாது என்று 2022 அக்டோபரில் மதனகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘காலேஜ் ரொமான்ஸ்’ வெப் சீரிஸ் வழக்கில் 2024 மார்ச் 19-ஆம் தேதி அது இன்னும் தெளிவாகச் சொன்னது: கெட்ட வார்த்தை அருவருப்பாக இருக்கலாம், அதனாலேயே அது ஆபாசக் குற்றம் ஆகிவிடாது.

அதற்காக எல்லாம் ஓகே என்று அர்த்தமில்லை:

- சண்டையைத் தூண்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் 352-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை.
- ஒரு பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசினால் 79-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.
- ஆபாசமான பதிவை இணையத்தில் வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம்.

கேமிங் லைவில் பெண்களை ஆபாசமாகப் பேசியதாக ‘பப்ஜி’ மதன் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். பெற்றோரைப் பற்றிய ஓர் ஆபாசக் கேள்விக்காக யூடியூபர் ரன்வீர் அலாபாடியா மீது 2025 பிப்ரவரியில் பல மாநிலங்களில் புகார்கள் பாய்ந்தன. கைதுக்குத் தடை கொடுத்த உச்ச நீதிமன்றமே அவரைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆபீஸில்?

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயம் கொண்ட பேச்சையும் துன்புறுத்தலாகவே கணக்கில் எடுக்கிறது. இரண்டு ஆண்கள் தங்களுக்குள் ‘ஜாலிக்கு’ பேசிக்கொண்டதுதானே என்ற வாதம், பக்கத்து சீட்டில் அதைத் தினமும் கேட்கும் பெண்ணிடம் எடுபடாது. அது அவருக்கு விரோதமான பணிச்சூழலை உருவாக்குகிறதா என்ற கேள்வி உள்புகார்க் குழு முன் வரலாம்.

அடுத்த முறை குரூப்பில் டைப் செய்வதற்கு முன் மூன்று கேள்வி போதும். எதிரில் இருப்பவர் இந்த ஆட்டத்துக்கு வந்தவரா? சொல்வது பொய் என்று எல்லோருக்கும் தெரியுமா? அந்த அம்மாவோ வேறொரு பெண்ணோ இதைப் படித்தால் சிரிப்பாரா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தோசை ஜோக்கைத் தாராளமாகப் போடலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், வேறு ஜோக் தேடுங்க பாஸ்.