வெட்டிய மரமும் கீறிய மரமும்

மலாய் நாட்டுத் தமிழர் ரப்பர் மரத்தைக் 'கித்தா' என்று வழங்குவதை யாவரும் அறிவர். இச்சொல் மரப்பாலுக்கும் பிசினுக்கும் மலாய்க்காரர் வழங்கும் 'கெத்தா' என்னும் பொதுப்பெயரின் திரிபாகும். ஆனால் பிரேசில் நாட்டு ரப்பர் இங்கு வேரூன்றுவதற்கு முன்னரே, இந்நாட்டுக் காட்டிலேயே பிறந்த வேறொரு மரம் அப்பெயரை உலகச் சந்தையில் பரப்பிற்று. அது 'கெத்தா பெர்ச்சா' தரும் தாபான் மரம். நம்மவரிற் பலர் அதன் பெயரையும் கேட்டிரார். இவ்விரு மரங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினால், நிலமும் மரமும் உடையவர் அவற்றை எங்ஙனம் ஆளுதல் தகும் என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும். அந்த விடை நமது தோட்ட மக்களின் வாழ்வையும் தொடுவதால் அதனை இங்கே ஆராயப் புகுகின்றோம்.

தாபானின் அழிவு

தாபான் பால் வெந்நீரில் இளகும். குளிர்ந்தால் கல்லென இறுகும். மலாய்க்காரர் அதனைப் பாராங் கத்திக்குப் பிடியாகச் செய்து வந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி என்பார் அதனைக் கண்டு வியந்து, 1843-ஆம் ஆண்டளவில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாமலும் மின்சாரத்தைக் கசியவிடாமலும் காக்கும் பொருள் இதுவே என்பதை மேனாட்டார் விரைவில் உணர்ந்தனர். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளையும் கடலடித் தந்தி நிலையாக இணைத்தது. 1871-ஆம் ஆண்டுக்குள் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் அத்தகைய கம்பியே ஒன்றாக்கியது. தாய்நாட்டுச் செய்தி நாழிகைக் கணக்கில் நமது முன்னோர் வாழ்ந்த கரைக்கு வந்தெட்டியது தாபான் மரத்தின் தயவினாலேயே ஆகும்.

ஆனால் அத்தயவுக்கு மரம் தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. தாபானின் பால் தனித்தனிச் சிறு பைகளில் அடங்கிக் கிடப்பதாதலின், பட்டையைக் கீறினால் தாராளமாக வடியாது. ஆகவே காட்டில் மரத்தை வேரோடொட்ட வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுகப் பட்டையில் வளையங்கள் வெட்டிப் பாலைச் சேர்த்தனர். பல்லாண்டு வளர்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ சில இராத்தலுக்கு மேற்படவில்லை. எஞ்சிய மரம் அங்கேயே கிடந்து மட்கிற்று. சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் பால் தரத்தக்க தாபான் காண்பதே அரிதாயிற்று. பின்னர் தீபகற்பத்தின் காடுகளும் சுமத்திராவும் போர்னியோவும் அதே கதியை அடைந்தன.

இக்குற்றத்தைக் கோடரி பிடித்த காட்டு மக்கள் மீது சுமத்துவது நேர்மையன்று. அவர்களுக்குக் கிடைத்தது வயிற்றுக்கஞ்சி. இலாபமோ வணிகர்க்கும் கம்பிக் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அக்காட்டிற்குப் பொறுப்பாளி என்று ஒருவர் இருந்திலர். இன்று நாம் வெட்டாவிடில் நாளை வேறொருவன் வெட்டுவான் என்னும் நிலையில், விட்டு வைப்பவன் ஏமாளியாகிறான், நடுபவன் பித்தனாகிறான்.

உடைமை மட்டும் போதுமா?

அங்ஙனமாயின் நிலத்திற்கு உடையவன் ஒருவன் இருந்தால் மரம் பிழைக்குமோ எனின், அதுவும் உறுதியன்று. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனப் பயிர்க்காரர் காட்டை அழித்து, தோல் பதனிடப் பயன்படும் காம்பியர் பயிரிட்டனர். அதன் இலையைக் கொதிக்கவைக்க ஓயாது விறகு வேண்டும். பயிருக்காக ஒரு காடும், அடுப்புக்காக மற்றொரு காடும் அழிந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் மண் சாரமிழக்கவே, நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அவர்கள் வேறு காட்டிற்குப் பெயர்ந்தனர். நிலம் கைவசம் இருந்தும், அதனை அடுத்த தலைமுறைக்கு ஒப்புவிக்கும் எண்ணமோ கட்டாயமோ அவர்களுக்கு இருக்கவில்லை.

1883-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் காண்ட்லி என்பார் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பின்னரே புக்கித் தீமா முதலிய இடங்கள் காப்புக்காடுகளாக ஒதுக்கப்பட்டன. 1901-இல் மலாய்க் கூட்டு நாடுகளுக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வன இலாகா ஏற்பட்டது. வெட்டுவதற்கு அளவும் உரிமமும் வேண்டும் என்னும் நெறி இவ்வாறு மெல்ல மெல்ல நிலைபெற்றது.

நம்மவர் சிலர் கேட்கக்கூடும்: தோட்டம் திருத்தும் காலத்தில் முனியாண்டி குடியிருப்பதாகச் சொல்லிப் பெருமரங்களை விட்டுவைத்தோமே, அதுவும் காப்பன்றோ என்று. அம்மரங்கள் பிழைத்தது நன்றே. ஆயினும் அச்சத்தினால் ஒரு மரம் தப்பலாம். அறிவினாலும் சட்டத்தினாலும் அன்றி ஒரு காடு தப்பாது.

கத்தி கற்ற பாடம்

1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் வழியைப் பல்லாண்டு ஆராய்ந்தார். பட்டையை மெல்லிய சீவலாக, அதே வெட்டின் ஓரத்தில் மீண்டும் மீண்டும் சீவினால் பால் பெருகும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைக் கத்தி தொடாவிடில் புதுப்பட்டை தானே வளரும். இதுவே அவர் கண்ட உண்மை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனச் செல்வர் ரப்பரை வாணிபப் பயிராக நடத் துணிந்தார். பின்னர் நடந்தவற்றைத் தோட்டத் தமிழர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறுவோம். ரிட்லி முறையைக் கண்டார். ஆனால் நாள்தோறும் இருட்டில் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களில் அம்முறையைப் பிழையின்றிச் செய்துகாட்டியவை நமது ஆண்களும் பெண்களும் பிடித்த கத்திகளே. கை சற்று ஆழ்ந்தால் மரத்தில் காயம் உண்டாகும். காயம் முடிச்சாகிப் பட்டையையும் கெடுக்கும், உள்மரத்தையும் கெடுக்கும். ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் தருவது நட்டவன் பணத்தால் மட்டுமன்று. வெட்டுபவன் பொறுமையாலும் ஆகும். இதனைப் 'பயிற்சியற்ற கூலி' என்று ஏடுகளில் எழுதியது எவ்வளவு பெரிய அநீதி!

நட்டபின் வெட்டு

ரப்பர் மரத்திற்கும் முதுமை உண்டு. உலகப்போர் முடிந்தபோது மலாயாவின் மரங்களிற் பெரும்பகுதி கிழடு தட்டியிருந்தது. செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்தது. மறுநடவுக்குப் பணம் வேண்டும். கன்று பால் தர ஆறேழு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். தனித்தனியே விட்டால் பலர் கிழமரத்தையே கீறிக்கொண்டிருப்பர். ஆதலின் 1952-இல் ரப்பர்த் தொழில் மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது தீர்வை பிரித்து, மறுநடவு செய்தவர்க்கே அதனைத் திருப்பிக் கொடுத்தனர். சிறுதோட்டக்காரருக்கு உதவும் பணியை 1973-இல் ரிஸ்டா என்னும் அமைப்பு ஏற்றது. தனியார் நிலத்தில் வெட்டுபவன் மீண்டும் நடவேண்டும் என்பதைச் சுவீடன் நாடு 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கிற்று. அங்குக் காட்டிற் பாதியளவு இன்றும் தனிமனிதர் உடைமையாயிருந்தும் காடு அழியாமைக்கு இத்தகைய நெறியே காரணம்.

நடுதலிலும் பொறுப்பு வேண்டும். பழைய கட்டைகளை மண்ணில் விட்டால் வெண்வேர் நோய் புதுக்கன்றைப் பற்றும். தொடக்கக் காலத் துரைமார் புல்லொன்றும் தலைகாட்டாதபடி களையெடுக்கச் செய்தனர். மழையில் மேல்மண் கரைந்து ஆறுகள் தூர்ந்தன. பின்னரே அவரையினக் கொடிகளைத் தரையில் படரவிட்டு மண்ணைக் காக்கக் கற்றனர். சரிவான குன்றுகளைக் காக்க 1960-இல் நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனியார் நிலத்திலிருந்து காட்டு விளைபொருளை வெளியேற்றவும் உரிமம் வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டம் விதிக்கிறது.

விறகு பலகையானது

சாய்த்த ரப்பர் மரம் நெடுங்காலம் விறகாகவே மதிக்கப்பட்டது. புகைக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் அது எரிந்தது. 1967-இல் பிறையில் தொடங்கிய எஃகு ஆலையின் உலைக்கும் அதன் கரியே பயன்பட்டது. வெட்டிய சில நாளில் வண்டும் பூஞ்சணமும் பிடிக்கும் மரமாதலால் பலகைக்கு உதவாது என்றனர். கெப்போங்கில் 1929-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோரின் ஆராய்ச்சியால், உடனே அறுத்துப் போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் அது நல்ல பலகையாகும் என்பது தெளிவாயிற்று. 1970-களின் இறுதி முதல் அது நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறியது. மூவார் நகரின் தச்சுத்தொழில் அதனால் செழித்தது. பாலும் பலகையும் ஒருங்கே தரும் ஒட்டுவகைகளையும் ஆராய்ச்சியாளர் உண்டாக்கினர். பால் கொடுத்து முடித்த மரத்தின் பலகை, காட்டு மரத்தின் மேல் விழவேண்டிய கோடரியை ஓரளவு தடுக்கின்றது.

மரத்தடியில் வாழ்ந்தவர்

இத்தனை நெறிகளிலும் ஒன்று விடுபட்டது. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அத்தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கான தமிழர் வேலையும் வீடும் இழந்தனர். மரத்திற்கு மறுநடவு நிதி இருந்தது. மனிதனுக்கு அவ்வாறு ஒன்றும் இல்லை. அந்நிலையில் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. மரத்தைக் கீறியவரே மரத்திற்கு உடையவருமாயினர். பிச்சையாகப் பெற்றதன்று அவ்வுடைமை. தம் உழைப்பைத் தாமே ஒன்றுதிரட்டிக் கண்ட வெற்றி.

பின்னும் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. பயிர் மாறுவது காலத்தின் இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயின் தோட்டக் கணக்கேட்டில் வெட்டிய மரம் வரவாக எழுதப்படும்போது, அதன்கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் குடியிருப்பு வெறுஞ்செலவாக எழுதப்படுதல் தகாது. தாபானுக்குப் பொறுப்பாளி இல்லை. காம்பியர்க்காரனுக்குக் கட்டாயம் இல்லை. ரப்பருக்கு இரண்டும் வாய்த்ததால் நூறாண்டுக்கு மேல் நின்றது. அந்த இரண்டையும் மனிதர்க்கும் வாங்கித் தருதல் வேண்டும். அதற்குத் தோட்டத்தார் சங்கமாய்க் கூடவேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும். தாம் வாழும் நிலத்தின் சட்டத்தைப் படித்தறிய வேண்டும். கத்தி பிடித்த கை ஏடும் பிடிக்குமாயின், மறுநடவு என்பது மரத்தோடு நின்றுவிடாது.