138க்கு 138

எங்கள் ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கூலியின் மகன் அரசு உத்தியோகம் பார்ப்பது இன்று சாதாரணம். அதைக் காணும்போதெல்லாம் 1953ல் சென்னை சட்டசபையில் நடந்த ஒரு வாக்கெடுப்பு என் நினைவுக்கு வரும்.

அப்போது முதலமைச்சர், சேலத்தில் வக்கீலாக இருந்த நம் ராஜாஜி. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம்தான் படிப்பு. மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றார். இரண்டு வேளையாகப் பிரித்தால், இருக்கிற பள்ளிகளிலேயே கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் வெளியே எதிர்த்தார்கள். சபைக்குள் எதிர்க்கட்சித் தலைவர், கம்யூனிஸ்ட் நாகி ரெட்டி.

ஜூலை 29 அன்று, திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பும் 138. அது நிறைவேறவில்லை. நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் விடச் சொன்ன அடுத்த தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. 1954ல் ராஜாஜி விலகினார்; காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

நான் புதுவையில் பிரெஞ்சில் படித்தவன். அந்தத் திட்டம் என்னைத் தொடவில்லை. ராஜாஜியின் நேர்மையிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் காப்பிப் பழம் பறிப்பவரின் மகன் மிச்ச நேரத்தில் எதைப் பழகியிருப்பான்? அந்தக் கேள்வியைச் சபையில் யாராவது கேட்டே ஆகவேண்டியிருந்தது. கேட்டார்கள்.