ஒரு பல்பும் ஒரு ஆல்டர்னேட்டரும்

எங்கள் பழைய காரில் ஒரு வினோதமான கோளாறு. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.3 வோல்ட்தான் காட்டும். நேரம் ஆக ஆக அதுவும் இறங்கும். ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்தால் சட்டென்று 14.2. காலை எடுத்து ஐடிலுக்கு வந்த பிறகும் 14 நிற்கும். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி 12.3.

முதலில் பேட்டரியை மாற்றினேன். பயனில்லை. அடுத்து ஒரு மெக்கானிக், "ஆல்டர்னேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். பர்ஸை யோசித்துவிட்டு, வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. சாவியை மட்டும் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தார். "சார்ஜ் லைட்டு எரியலையே தம்பி. பல்பை மாத்துங்க, போதும்."

தகவல் சொல்கிற பல்புக்கும் சார்ஜ் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் மாற்றினேன். கோளாறு போயே போச்சு! ஏன் என்று தேடப்போய்தான் இந்தக் கட்டுரை.

1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டரோடு கேடிலாக் வந்த பிறகு, காருக்குள் பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யும் டைனமோவும் நிரந்தரமாகக் குடியேறின. டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் சுழலும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் அவை தாங்காது. அதனால் பெரிய புல்லி போட்டு மெதுவாகச் சுற்றவிட்டார்கள். விளைவு, ஐடிலில் சார்ஜே இருக்காது. டைனமோ வைத்த பழைய கார்களில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்குவது இதனால்தான்.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. மின்சாரம் உண்டாகும் சுருள் அசையாமல் நிற்கும், காந்தம் சுழலும். பிரஷ் வழியே போவது அந்த மின்காந்தத்துக்கான சில ஆம்பியர் மட்டுமே. ஆகவே சிறிய புல்லி போட்டு என்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றலாம், ஐடிலிலும் சார்ஜ் கிடைக்கும். ஆனால் வருவது மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்கும் சிலிக்கான் டயோட் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறைஸ்லர் நிறுவனம் 1960 மாடல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான பாகமாகவே கொடுத்தது.

பல்ப் நுழைவது இங்கேதான். டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே மின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கப் போதும். சிவப்பு விளக்கு வெறும் தூதுவன், ஃப்யூஸ் போனாலும் சார்ஜ் ஏறும். ஆல்டர்னேட்டரிலோ மின்சாரம் இரண்டு டயோட்களைத் தாண்டியாக வேண்டும். அதற்கே ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகிவிடும். ஐடில் வேகத்தில் எஞ்சிய காந்தம் அந்த அளவுக்குத் தராது. யாராவது முதலில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துத் தூண்டவேண்டும்.

ஆரம்பகால ஆல்டர்னேட்டர்களில் சாவியைத் திருப்பினாலே பேட்டரியிலிருந்து ரோட்டருக்கு மின்சாரம் போகும். பிறகு பரவலான ஒரு வடிவமைப்பில், ஆறு டயோட்களோடு மூன்று சின்ன டயோட்களைச் சேர்த்து, ஆல்டர்னேட்டர் தன் காந்தத்துக்குத் தானே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். முதல் தூண்டுதலுக்கு மட்டும், ஏற்கெனவே டேஷ்போர்டில் இருந்த அந்த 2 வாட் பல்பைப் பாதையாக்கிவிட்டார்கள். ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். தூதுவன் வேலைக்காரனாகிவிட்டான்.

என் காரில் நடந்தது இப்போது புரிந்தது. பல்ப் போனதால் தூண்டுதல் இல்லை. வேகமாக மிதித்தபோது எஞ்சிய காந்தமே போதுமானதாகி, ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டது. விழித்த பிறகு ஐடிலிலும் தூங்கவில்லை. அதுதான் துப்பு. பெல்ட் நழுவியிருந்தாலோ டயோட் போயிருந்தாலோ ஐடிலுக்கு வந்ததும் வோல்ட் மறுபடி விழுந்திருக்கும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் பல்புக்குப் பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். புதிய கார்களில் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய வண்டி வைத்திருந்தால், ஆல்டர்னேட்டருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா?

என் தொழிலிலும் இது உண்டு. "வெறும் லாக் தானே" என்று ஒரு வரியை நீக்கி, மொத்த புரோகிராமும் நின்றுபோய், ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.